நோய்க்காவியின் பொறுப்பு

தீங்கொன்று நிகழ்ந்தவிடத்து அதற்குப் பொறுப்பாளி யார் என்று வினவுதல் மனித இயல்பு. தீங்கிழைத்தவன் அறிந்தும் விரும்பியும் அதனைச் செய்திருப்பின் விடை எளிதானது. அறியாது செய்திருப்பின் விடை சற்றே கடினமாகின்றது. ஆனால், ஒருவன் எதனையுமே செய்யாது, தன் தோலோடும் மூச்சோடும் இன்னொருவர் அருகில் இருந்தமையினாலேயே அவருக்கு நோயையும் சிலவேளை மரணத்தையும் கொண்டு சேர்த்தானாயின் அவன்மீது பொறுப்புச் சுமத்தலாமா? சுமத்தலாமெனின் அது எவ்வகைப் பொறுப்பு? மனிதத் தோலிற் சாதாரணமாக வாழும் பற்றீரியாக்களை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா கற்பனையானதன்று. ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியம், நலமுடன் வாழும் மனிதருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரின் மூக்குத் துவாரங்களிற் குடியிருக்கின்றது. அவர்களுக்கு நோயில்லை, காய்ச்சலில்லை, தாம் எதனையும் காவுகின்றோம் என்ற உணர்வுமில்லை. விரிவுரை மண்டபமொன்றில் தொண்ணூறுபேர் அமர்ந்திருப்பின் அவர்களுள் முப்பதுபேரளவில் அதனைக் காவுவோராயிருப்பர். அதன் உறவினமாகிய ஸ்ரபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் என்பதோ ஏறத்தாழ எல்லா மனிதரின் தோலிலும் உள்ளது. முன்னையது கட்டு, பிளவை, தோலழற்சி முதலியன தொடக்கம் குருதித் தொற்று, இதய வால்வு அழற்சி, எலும்பழற்சி வரை பலவற்றுக்குக் காரணமாகும். பின்னையது பொதுவிற் சாதுவானது. எனினும் நாளத்தினுட் செலுத்தப்படும் குழாய்கள், செயற்கை வால்வுகள், செயற்கை மூட்டுகள் ஆகியவற்றின்மீது மெல்லிய படலமாகப் படிந்து, மருந்துக்கும் வெண்குருதிக் கலங்களுக்கும் எளிதில் அகப்படாது நிலைத்துவிடும் ஆற்றல் அதற்குண்டு.

ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரத்துச் சத்திரசிகிச்சையாளரான அலெக்சாந்தர் ஒக்ஸ்ரன் 1880ஆம் ஆண்டிற் கட்டுகளின் சீழை நுணுக்குக்காட்டியினூடாக ஆராய்ந்தார். அங்கே குலைகுலையாகத் திரண்டிருந்த உருண்டை வடிவான நுண்ணங்கிகளைக் கண்டார். சீழ் உண்டாதல் காயமாறுதலின் இயல்பானதொரு படியே என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாக 1882இல் அவர் அவற்றுக்குப் பெயரிட்டார். 1884இல் ஜேர்மனியரான ரோசன்பாக், வளர்ப்பூடகத்திற் பொன்னிறமாக வளர்வதையும் வெண்ணிறமாக வளர்வதையும் வேறுபடுத்தினார். ஓரியஸ் என்ற அடைமொழி அப்பொன்னிறத்தைச் சுட்டுவதே. இத்துணை அழகிய பெயர் பெற்ற நோய்க்கிருமி பிறிதொன்று உண்டோ என்பது ஐயத்துக்குரியது.

ஒக்ஸ்ரன் கண்டது உண்மை. ஆயின் அது காரணத்தின் ஒரு பகுதியே. ஒருவரின் மூக்கில் ஐம்பது ஆண்டுகள் அமைதியாக இருந்த அதே பற்றீரியம், ஒரு நாள் அவரது காலிற் பட்ட சிறு காயத்தினூடாக உட்சென்று உயிருக்கே உலைவைக்கலாம். அந்த ஐம்பதாண்டுகளில் மாறியது பற்றீரியமாக இருக்க வேண்டியதில்லை. தோல் கிழிந்தது, அல்லது சலரோகம் எனப் பேச்சில் வழங்கும் நீரிழிவு அவர் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்தது, அல்லது வைத்தியசாலையில் அவர் நாளத்தினுள் ஒரு குழாய் நாட்கணக்கில் விடப்பட்டது. கிருமியே நோய்க்குக் காரணம் என்று கூறுவோர், தீப்பற்றிய வீட்டைக் காட்டித் தீக்குச்சியே காரணம் என்று கூறி நிறுத்திக்கொள்வோரை ஒப்பர். கூரையை ஓலையால் வேய்ந்தது ஏன், கிணறு அத்தனை தூரத்தில் இருந்தது ஏன் என்ற வினாக்கள் அங்கே எழாமற் போகின்றன.

கிருமிகளுக்கு எதிரான யுத்தம் என்னும் உருவகம் இவ்விடத்தே நம்மை வழிதவறச் செய்கின்றது. யுத்தமெனின் பகைவன் வெளியே இருத்தல் வேண்டும். இங்கோ பகைவன் எனப்படுவது நம் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது. அதன் அயலவர் சிலர் நமக்குக் காவலராகவும் உள்ளனர். 2016ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ரியூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். மூக்கில் வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் லுக்டுனென்சிஸ் என்னும் இன்னொரு பற்றீரியம், லுக்டுனின் என்ற பொருளைச் சுரந்து ஓரியசின் வளர்ச்சியைத் தடுக்கின்றது என்பதே அது. வைத்தியசாலை நோயாளர் 187 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். லுக்டுனென்சிஸைக் காவியோரில் 5.9 சதவீதத்தினரிடமே ஓரியஸ் காணப்பட்டது, காவாதோரில் 34.7 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. வேடிக்கை யாதெனில், அந்தக் காவலனும் வாய்ப்புக் கிட்டின் இதய வால்வைத் தாக்கி அழிக்கக்கூடியதே. நல்லது, தீயது என்ற நம் பகுப்பு இந்நுண்ணங்கிகளிடையே செல்லுபடியாவதில்லை. அது அவை இருக்கும் இடத்தையும் நேரத்தையும் பற்றிய பகுப்பேயன்றி அவற்றின் இயல்பைப் பற்றியதன்று.

நமது சமுதாயத்தில் தோல், தூய்மை, தொடுதல் என்பன வெறும் மருத்துவச் சொற்களல்ல. துடக்கு, தீட்டு என்னும் கருத்துகள் எத்தனையோ தலைமுறைகளாக மனிதரை வகுத்தும் விலக்கியும் வைக்கப் பயன்பட்டுள்ளன. தேநீர்க் கடையில் ஒரு சாராருக்குப் புறம்பான பாத்திரம் வைத்தமையும், 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்தின்பொருட்டு மக்கள் போராட நேர்ந்தமையும் நெடுந்தொலைவிலுள்ள வரலாறல்ல. சாதித் தீட்டைச் சுகாதார விதியின் முன்னோடியெனக் காட்டி நியாயப்படுத்த முனைவோர் இன்றும் உளர். நுண்ணுயிரியல் இவ்வாதத்துக்கு எவ்வித இடமும் அளிப்பதில்லை. மூக்கில் ஓரியஸ் இருப்பதும் இல்லாததும் குலங்கோத்திரம் பார்த்து அமைவதன்று. தீட்டு என்பது பிறப்பால் ஒருவர்மீது எழுதப்பட்டு அழியாதிருப்பது. தொற்று என்பதோ சவர்க்காரமிட்டுக் கைகழுவிய அக்கணமே பெரிதும் நீங்கிவிடுவது. மேலும், தீட்டு எப்பொழுதும் கீழிருந்து மேல்நோக்கிப் பரவுவதாகவே கருதப்பட்டது. வைத்தியசாலைத் தொற்றின் வரலாறோ, பெரும்பாலும் கற்றவரின் கையிலிருந்து ஏழை நோயாளியின் உடலுக்கு அது பரவியமையையே காட்டுகின்றது.

இதற்குத் தலையாய சான்று 1847ஆம் ஆண்டில் வியன்னாப் பொது வைத்தியசாலையில் நிகழ்ந்தது. அங்கே இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற முதலாம் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் தொகை, மருத்துவிச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவினதைவிடப் பன்மடங்காக இருந்தது. முதலாம் பிரிவில் தம்மைச் சேர்க்கவேண்டாமென அப்பெண்கள் மன்றாடினர். பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமுற்ற தம் நண்பரொருவர் அதே நோயின் குறிகளுடன் இறந்ததைக் கண்ட இக்னாஸ் செமல்வைஸ், பிரேத அறையிலிருந்து நேரே வரும் மருத்துவரின் கைகளே நோயைக் காவுகின்றன என்று உணர்ந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவுமாறு விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, யூலையில் ஒரு சதவீதமளவுக்கு வீழ்ந்தது. பிரசவக் காய்ச்சலுக்குப் பெரிதும் காரணமாயிருந்தது ஸ்ரபிலோகொக்கசு அன்று, ஸ்ரெப்ரோகொக்கசே என்பதை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கையின் பொறுப்பு என்ற அளவில் இரண்டும் ஒன்றே.

அறவியல் நோக்கில் முக்கியமானது அதன் பின் நிகழ்ந்தது. செமல்வைஸ் தம்மையும் விலக்காது நோக்கினார். தம் கையாற் கல்லறைக்குச் சென்ற பெண்களின் தொகையைக் கடவுளே அறிவார் என்ற பொருள்பட அவர் எழுதினார். சக மருத்துவர் பலரோ அவரை ஏற்க மறுத்தனர். மறுப்புக்கு அறிவியற் காரணங்களும் இருந்தன. கிருமிக் கொள்கை அப்பொழுது உருப்பெற்றிருக்கவில்லை. ஆயினும் வேறொரு காரணமும் இருந்திருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. அவர் சொன்னதை ஏற்பதாயின், அதுவரை நன்மை செய்வதாக எண்ணி ஆற்றிய தொழிலையே கொலையாக ஏற்க வேண்டியிருந்தது. பொறுப்பையும் குற்றத்தையும் ஒன்றென எண்ணுவோருக்கு அது தாங்கக்கூடிய பாரமன்று. ஆகவே அவர்கள் உண்மையையே மறுத்தனர். செமல்வைசும் பின்னாளில் தம்மை எதிர்த்தோரைக் கொலைகாரர் என்று பகிரங்கக் கடிதங்களில் விளித்தார். அதனால் ஒரு கையேனும் கூடுதலாகக் கழுவப்பட்டதா என்று எண்ணிப் பார்க்கலாம். 1865இல் மனநோயாளர் இல்லமொன்றில், காயத்திற் பற்றிய தொற்றினால், அவர் இறந்தார்.

அறியாமையினாற் செய்த செயலுக்கு மன்னிப்புண்டா என்ற வினாவை அரிஸ்ரோட்டில் நுணுகி ஆராய்ந்துள்ளார். அறியாமைக்குத் தானே காரணமாயிருந்தவனுக்கு மன்னிப்பில்லை என்பது அவர் கொள்கை. குடித்து மதிமயங்கிக் குற்றமிழைத்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதிக்கும் சட்டத்தை அவர் எடுத்துக்காட்டுகின்றார். இவ்வளவைப்படி 1846இல் கைகழுவாத மருத்துவர் வேறு, இன்று கைகழுவாத மருத்துவர் வேறு. கான்ற் இன்னும் ஒருபடி சென்று, செயலின் விளைவன்று, அதனை இயக்கும் நல்லெண்ணமே அறத்தின் இருப்பிடம் என்பார். அவ்வாறாயின் நோய்க்காவி முற்றிலும் விடுவிக்கப்படுகின்றான்.

ஆனால், நம் மரபின் மிகப் பெரிய நீதிக் கதையொன்று இவ்விடுதலையை வழங்க மறுக்கின்றது. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மைந்தன் தேரூர்ந்து சென்றபோது ஆன்கன்று ஒன்று சக்கரத்தின் இடையே பாய்ந்து மாண்டது. இளவரசன் அதனை விரும்பவுமில்லை, காணவுமில்லை. அமைச்சர்கள் கழுவாய் கூறினர். அரசன் ஏற்கவில்லை. தண்டனையின் கொடுமையை ஒருபுறம் வைத்துவிட்டு, அரசனின் நியாயத்தை மட்டும் நோக்குவோம். மகன் தீயவன் என்பது அவன் வாதமன்று. தன் ஆட்சிக்குட்பட்ட வீதியில் ஓர் உயிர் மாண்டதற்குத் தானே விடை கூறவேண்டியவன் என்பதே அவன் வாதம். தேரும் அவனுடையது, வீதியும் அவனுடையது, தேர் எத்துணை விரைவாய் ஓடலாம் என்று விதிக்கும் அதிகாரமும் அவனுடையது. ஆராய்ச்சி மணியை அசைத்த பசு தேரோட்டியிடம் போகவில்லை, அரசனிடம் போயிற்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. எண்ணத்தைக் கொண்டு பொறுப்பை அளப்பதினின்றும் வேறாக, மாற்றியமைக்கும் ஆற்றலைக் கொண்டு பொறுப்பை அளக்கும் முறையொன்று இங்கே உள்ளது. நோய்க்காவி பற்றிய வினாவுக்குக் கான்றைவிட இதுவே பொருத்தமான வழிகாட்டியெனத் தோன்றுகின்றது.

அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்துப் பண்டாபேர்க் நகரில் நடந்த துயரத்தை இம்முறையால் ஆராயலாம். 1928ஆம் ஆண்டு சனவரி 27ஆம் திகதி அங்கே 21 குழந்தைகளுக்குத் தொண்டைக்கரப்பானுக்கு எதிரான தடுப்பூசி ஏற்றப்பட்டது. அவர்களுள் பன்னிருவர் ஓரிரு நாளில் இறந்தனர். அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மக்பார்லன் பேர்னற் ஆய்வுகூட வேலையிற் பங்குகொண்டார். தடுப்பூசி மருந்து நஞ்சாக இருக்கவில்லை. மருந்துப் புட்டியினுள் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் புகுந்து பெருகியிருந்தது. அப்புட்டி இறப்பர் மூடியிட்டது. பலமுறை ஊசி குத்தி மருந்தெடுக்கத் தக்கது. ஆனால் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் அதனுட் சேர்க்கப்படவில்லை. அதே புட்டி முன்னைய நாட்களிலும் பாவிக்கப்பட்டு, வெப்பமான கோடைகாலத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. ஏதோவொரு முறை ஊசி குத்தியபோது, ஏதோவொரு தோலிலிருந்தோ மூச்சிலிருந்தோ அந்நுண்ணங்கி உட்சென்றிருக்கலாம்.

அந்தத் தோல் யாருடையது என்று தேடிக் கண்டுபிடித்திருப்பின் என்ன பயன் விளைந்திருக்கும்? அம்மனிதரின் வாழ்வு நாசமாகியிருக்கும். அடுத்த புட்டி முன்போலவே இருந்திருக்கும். விசாரணைக் குழு அவ்வழியிற் செல்லவில்லை. கிருமி வளரத்தக்க இத்தகைய பொருள்களை, போதிய தொற்றுநீக்கி சேர்க்காது, பலமுறை பாவிக்கும் புட்டிகளில் வழங்கலாகாது என்று அது முடிவு கூறியது. புட்டியை வடிவமைத்தோரும் வழங்கியோருமே அங்கே வீதிக்குச் சொந்தக்காரர்.

மருந்தின் விடயத்தில் இவ்வினா இன்னும் சிக்கலாகின்றது. 1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது ஸ்ரபிலோகொக்கசு வளர்த்த தட்டிலேயே என்பது யாவரும் அறிந்ததே. அதனை மருந்தாக்கியோர் ஒக்ஸ்போட்டில் உழைத்த புளோரி, செயின், ஹீற்லி முதலியோர். 1941ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி, ஸ்ரபிலோகொக்கசும் ஸ்ரெப்ரோகொக்கசும் முகத்தை அரித்து ஒரு கண்ணையும் பறித்திருந்த நிலையில், அல்பேட் அலெக்சாந்தர் என்னும் பொலிஸ்காரருக்கு அது ஊசிமூலம் ஏற்றப்பட்டது. ஒரு நாளிலேயே தேறத் தொடங்கினார். இருந்த மருந்து சில நாட்களில் முடிந்தது. அவரது சிறுநீரைச் சேர்த்து அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர். அதுவும் முடிந்தபின் தொற்று மீண்டது. மார்ச் 15ஆம் திகதி அவர் இறந்தார். மருந்து பற்றாமையால் மனிதன் இறந்தான் என்பது அன்றைய நிலை. மருந்து மிதமிஞ்சிப் புழங்கியதாற் பயனிழந்து மனிதன் இறப்பது இன்றைய நிலை. இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் மேரி பாபர் செய்த கணிப்பின்படி, 1946இல் ஏழிலொரு பங்களவான ஸ்ரபிலோகொக்கசுகளே பெனிசிலினை எதிர்த்தன. 1948இல் அரைவாசிக்கு மேல் எதிர்த்தன. மெதிசிலின் 1960இல் வந்தது. 1961இல் அதனை எதிர்க்கும் இனமும் அறிவிக்கப்பட்டாயிற்று. 2019ஆம் ஆண்டில் மருந்தெதிர்ப்புப் பற்றீரியாக்களால் நேரடியாக விளைந்த மரணங்கள் உலகளவில் 12 இலட்சத்து 70 ஆயிரம் என மதிப்பிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை மெதிசிலினை எதிர்க்கும் ஓரியசினால் விளைந்தவை.

பிளெமிங் இதனை முன்னறிந்தார். 1945இல் நோபல் பரிசு உரையில் அவர் ஒரு கற்பனை நிகழ்ச்சியைக் கூறினார். ஒருவர் தொண்டை நோவுக்குத் தாமே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறார். கிருமி சாகாது எதிர்ப்புக் கற்றுக்கொள்கின்றது. அது அவர் மனைவிக்குத் தொற்றுகின்றது. மருந்து பயன்படாது அவள் இறக்கிறாள். அம்மரணத்துக்குக் கணவனே பொறுப்பு என்பது பிளெமிங்கின் தீர்ப்பு. பிளெமிங்கின்பால் உரிய மதிப்புடன் கூறுவதாயின், இத்தீர்ப்பு அரைகுறையானது. அவருக்கு மருந்தை விற்றவர் யார்? போதிய அளவு வாங்க அவரிடம் பணம் இருந்ததா? மருத்துவரை நாட ஒரு நாள் வேலையை விட்டுச் செல்ல அவரால் இயன்றதா? கதையில் இரண்டே மனிதர் இருப்பதால் குற்றமும் இருவருக்குள் அடங்கிவிடுகின்றது. உலகில் இன்று விற்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளுட் பெரும்பகுதி மனிதருக்கன்று, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கே செல்கின்றது. அவ்வணிகர் எவரும் அக்கதையில் வருவதில்லை.

வைத்தியர் முன்னுள்ள இக்கட்டை ஒரு பரிசோதனை தெளிவாகக் காட்டும். தோற்கட்டொன்றுக்குச் செய்ய வேண்டிய முதற் சிகிச்சை அதனைக் கீறிச் சீழை வெளியேற்றுவதே. அதன்பின் நுண்ணுயிர்க்கொல்லி தேவையா என அமெரிக்காவில் 786 நோயாளரிடம் ஆராய்ந்து 2017இல் முடிவு வெளியிட்டனர். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டுகள். எல்லோருக்கும் சீழ் அகற்றப்பட்டது. மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரில் ஏறத்தாழ 69 சதவீதத்தினர் குணமடைந்தனர். மருந்து பெற்றோரில் 82, 83 சதவீதத்தினர் குணமடைந்தனர். நூறுபேருக்கு மருந்து கொடுத்தால் பதின்மூவர் அல்லது பதினால்வர் கூடுதலாகப் பயன்பெறுவர். ஏனையோர் பயனின்றி உட்கொள்வர். அவர்கள் உடலில் வாழும் சாதுவான பற்றீரியாக்களும் எதிர்ப்புப் பயில இடமுண்டாகும். எதிரே அமர்ந்திருக்கும் நோயாளிக்கு முகமும் வேதனையும் உண்டு. பத்தாண்டுகளின் பின் எதிர்ப்புக் கிருமியால் இறக்கப்போகும் குழந்தைக்கு முகமில்லை. பயன்பாட்டுவாதி கணக்குப் போடுவார். கான்றைப் பின்பற்றுவோர், எதிரேயுள்ள மனிதனை இன்னொருவரின் நன்மைக்கான கருவியாக்கலாமா என்று கேட்பர். இரு சாராரும் கவனிக்கத் தவறுவது, அந்நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார் என்பதை.

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் காலிற் கட்டு என்று கொள்வோம். ஈரத்தில் நின்று வேலை. அட்டைக் கடியும் கீறலும் அன்றாடம். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமில்லை. பதினான்கு சதவீதம் என்பது அவளுக்குப் புள்ளிவிபரமன்று. சில நாட் கூலி. மாதச் சம்பளமும் சுகயீன விடுப்பும் உள்ள விரிவுரையாளர் ஒருவர் மருந்தின்றிப் பொறுத்திருப்பதும் அவள் பொறுத்திருப்பதும் ஒரே தியாகமல்ல. மனித குலத்தின் பொதுச் சொத்தாகிய மருந்தைக் காப்பதற்கு யாரேனும் எதையேனும் இழக்கவேண்டுமெனின், இழப்பு முதலில் அவளிடமிருந்து கேட்கப்படுதல் நீதியன்று. கோழிப் பண்ணைகளிடமும், சாதாரணத் தடிமனுக்கு வைரசைக் கொல்லாத மாத்திரையை விற்கும் மருந்துக் கடைகளிடமும், அதனைக் கேட்டு வாங்கும் நம்மிடமும் கேட்டபின்னரே அவளிடம் வரலாம். வைத்தியரின் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்றலாகாதென்று நம் நாட்டுச் சட்டம் கூறுகின்றது. அச்சட்டம் எவ்வளவு பேணப்படுகின்றது என்பதை வாசகர் தத்தம் ஊர்ச் சந்தியிற் கண்டிருப்பர்.

பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலேயை இங்கு நினையாதிருக்க முடியாது. 1971இல் அவரும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. தேவையான மருந்துகளை மட்டும், வணிகப் பெயரன்றிப் பொதுப் பெயரால், மலிவாக இறக்குமதி செய்தலே அவர் கொள்கை. அது பொதுவாகச் செலவுச் சிக்கனம் என்ற அளவிலேயே புகழப்படுகின்றது. உண்மையில் அது ஓர் அறக்கொள்கையுமாகும். மருந்து சந்தைப் பண்டமன்று, பலரும் பகிர்ந்துகொள்ளும் குளத்து நீர் போன்றது என்பது அதன் உட்கிடை. 1977இல் அவர் இறந்தார். 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, குளம் வற்றினால் முதலில் தாகிப்பவர் யார் என்பது மீண்டும் தெரிந்தது.

இவ்வளவும் கூறியதனால் தனிமனிதனுக்குக் கடமை ஏதுமில்லை என்று கொள்ளலாகாது. அவன் கடமைகள் மிக எளிமையானவை, ஆதலாலேயே புறக்கணிக்கப்படுகின்றன. கட்டைப் பிதுக்காதிருத்தல், குறிப்பாக முகத்தில் வந்ததை. சீழ் வடியும் புண்ணை மூடிவைத்தல். அதனைத் தொட்டபின் கைகழுவுதல். துவாயையும் சவர அலகையும் பிறருடன் பகிராதிருத்தல். விடுதிகளில் ஒரு துவாய் அறை முழுவதற்கும் பொதுவுடைமையாதல் தோழமையின் அடையாளமெனக் கருதப்படுகின்றது. மறுதலிக்கத்தக்க தோழமை அது. செம்மை விரைந்து பரவுதல், காய்ச்சல், குளிர்நடுக்கம், நோவு புண்ணின் அளவுக்கு மிஞ்சியிருத்தல் ஆகியவை காணப்படின் காலந்தாழ்த்தாது வைத்தியசாலை செல்லவேண்டும். நீரிழிவுள்ளோர் இவற்றுக்கும் காத்திராது முன்னரே செல்லுதல் நன்று. இக்கடமைகளைச் செய்தவன் நோய்க்காவியாக இருப்பினும் நிந்தைக்குரியவனல்லன். சைவசித்தாந்தம் பயின்றோர், செம்பிற் களிம்புபோல் உடன்பிறந்த மலம் என்ற கருத்தை அறிவர். அது உயிர் செய்த குற்றமன்று, எனினும் அதனைத் தேய்க்கும் முயற்சி உயிருக்கு உரியது. உவமையை இதற்குமேல் நீட்ட விரும்பவில்லை.

இனி, இன்னும் தீராத ஒரு விடயம். சத்திரசிகிச்சைக்கு முன்பே நோயாளியின் மூக்கைச் சோதித்து, ஓரியசைக் காவுவோருக்கு முப்பிரோசின் களிம்பும் குளோரெக்சிடின் குளிப்பும் அளித்தால் பின்வரும் ஓரியஸ் தொற்று அரைவாசிக்கு மேற் குறைகின்றது என்று நெதர்லாந்தில் நடந்த பரிசோதனையொன்று 2010இல் காட்டியது. நோயாளியைச் சோதிக்கலாமெனின் தாதியையும் வைத்தியரையும் சோதித்தாலென்ன என்ற கேள்வி உடனே எழும். தொற்று ஒரே விடுதியிற் பலருக்குப் பரவும்போது சில வைத்தியசாலைகள் அவ்வாறு செய்வதுமுண்டு. ஆனால், களிம்பினால் நீங்கிய பற்றீரியம் பலரிடம் சில மாதங்களில் மீண்டும் குடியேறிவிடுகின்றது. களிம்பையே எதிர்க்கும் இனங்களும் உள்ளன. மூக்கிற் கிருமி கண்டதனால் வேலையிலிருந்து விலக்கப்படும் தாதி, நோயாளிகளைத் தொட்டுப் பணியாற்றியதனாலேயே அதனைப் பெற்றிருக்கக்கூடும். விலக்கப்படும் நாட்களின் சம்பளம் அவளுக்கு வழங்கப்படுமா? அவள் பெயர் விடுதியில் இரகசியமாகப் பேணப்படுமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று எழுத்தில் உறுதி கூறாத நிருவாகம், அவள் தன் மூக்கைச் சோதனைக்கு மனமுவந்து ஒப்படைப்பாள் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தின்பாற்படும் என்று தெரியவில்லை. அதே விடுதியில் நாற்பது கட்டில்களுக்கு ஒரு கைகழுவும் தொட்டியும், அதில் சவர்க்காரமும் இல்லையெனின், அவள் மூக்கைச் சோதிக்குமுன் சோதிக்கவேண்டியது அத்தொட்டியை.